40 கஜ ஓட்டத்தைக் கடைசியில் பாருங்கள்: லைன்பேக்கர்களைத் தரம் பிரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) அணிகளின் பொது மேலாளர்களுக்கும், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் ஸ்கவுட்களுக்கும்,

வணக்கம்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் நெருங்கும் வாரங்களில் உங்கள் அறைப் பலகையில், தடுப்பு அணியின் நடுவரிசைக்காரர்களான லைன்பேக்கர்களின் பெயர்ச் சீட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். டிராஃப்ட்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனையில் ஒருவர் நன்றாக ஓடிவிட்டால் நாலு இடம் மேலே போவார். இன்னொருவருக்கு உயரம் அரை அங்குலம் குறைந்தால் கீழே வருவார். அந்தச் சீட்டுகள் நகரும் விதம் பற்றித்தான் இந்த மடல். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இரண்டு பேரை அருகருகே வைப்பதற்கு முன்னால், இவர் நம் அணியில் என்ன வேலை பார்க்கப்போகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு அந்த வேலையைக் கல்லூரி ஆட்டத்தில் அவர் எத்தனை முறை செய்தார், எப்படிச் செய்தார் என்று எண்ணுங்கள். ஓட்டம், தாவல், எடை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இது ஒன்றும் புதிய ஞானம் இல்லை என்பீர்கள். சரி, 2020 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் போன லைன்பேக்கர்களை எடுத்துக்கொள்வோம். ஐசையா சிம்மன்ஸ் 8ஆவது, கென்னத் மரே 23ஆவது, ஜோர்டின் புரூக்ஸ் 27ஆவது, பேட்ரிக் குவீன் 28ஆவது. முதல் சுற்றில் எடுத்தவரை நிர்ணயித்த தொகைக்கு ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமையை நால்வருக்கும் அவர்களைத் தேர்ந்த அணி எடுத்துக்கொள்ளவில்லை. 2022 முதல் சுற்றில் போன குவே வாக்கருக்கும் (22) டெவின் லாய்டுக்கும் (27) அதே கதிதான். ஆறுக்கு ஆறு. எல்லாரும் மோசமான ஆட்டக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. குவீனும் புரூக்ஸும் அடுத்த அணியில் நல்ல சம்பளத்துக்கே போனார்கள். உரிமைத் தொகையைக் கணக்கிடும்போது பந்தெறியும் குவாட்டர்பேக்கை ஓரத்திலிருந்து துரத்தும் எட்ஜ் ஆட்டக்காரர்களையும், பின்னால் நின்று ஆடும் லைன்பேக்கர்களையும் ஒரே பெயரில் ஒரே கூடையில் போடுவதால் தொகை எக்கச்சக்கமாக ஏறுகிறது. அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கூடைக் குழப்பம் சம்பளக் கணக்கோடு நிற்பதில்லை, உங்கள் பலகையிலும் அப்படியே இருக்கிறது.

சிம்மன்ஸ் கிளெம்சன் கல்லூரியில் கடைசி வரிசையில் சேஃப்டியாக நின்றார், உள்பக்கமாக நிற்கும் ரிசீவருக்கு (பந்து பிடிப்பவர்) எதிரே ஸ்லாட்டில் நின்றார், லைன்பேக்கராக நின்றார், ஓரத்திலிருந்து பாய்ந்தார். 6 அடி 4 அங்குலம், 238 பவுண்டு, 40 கஜம் 4.39 விநாடியில். எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று எல்லாரும் எழுதினார்கள். எங்கே வைப்பது என்பதை மட்டும் அவரை எடுத்த அரிசோனா முடிவு செய்யவில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு அவரை நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு அனுப்பியது. அதே 2020இல் 74ஆவதாக நியூ ஆர்லியன்ஸ் எடுத்த ஜாக் பான் கதை இதற்கு நேர் எதிர். விஸ்கான்சினில் ஓரத்திலிருந்து பாய்ந்தவர். நாலு ஆண்டுகள் பெரும்பாலும் பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் இறங்கும் சிறப்பு அணிகளில் கழிந்தன. 2024இல் ஃபிலடெல்ஃபியாவில் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை உள்ளே இழுத்து, வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார். அந்தப் பருவத்திலேயே முதல்நிலை ஆல்-புரோ (லீகில் அந்தந்த இடத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்). மைக்கா பார்சன்ஸ் 2021இல் உள் லைன்பேக்கராக எடுக்கப்பட்டு, டாலஸில் ஓரத்துக்கு நகர்ந்து முதல் ஆண்டே 13 சாக் (குவாட்டர்பேக்கை வரிசைக்குப் பின்னாலேயே வீழ்த்துவது) எடுத்தார். மூவரையும் 'லைன்பேக்கர்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வரிசைப்படுத்தினால் அந்த வரிசைக்கு என்ன பொருள்?

ஆகவே முதல் வேலை, பட்டியலை உடைப்பது. முன்வரிசைக்குப் பின்னால் நாலைந்து கஜத்தில் நின்று ஓட்டத்தையும் பாஸையும் இரண்டையும் பார்க்கிறவர்கள் தனி. ஓரத்தில் நின்று பாய்கிறவர்கள் தனி. அந்த முதல் கூட்டத்துக்குள்ளும், நடுவில் நின்று மற்றவர்களை அடுக்கும் மைக் வேலைக்கும், பலமில்லாத பக்கத்தில் வெட்டவெளியில் ஓடும் வில் வேலைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. இன்று பெரும்பாலான ஆட்ட நேரத்தில் களத்தில் ஐந்து பின்வரிசைக்காரர்கள் இருக்கிறார்கள். லைன்பேக்கர் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாவது ஆளாக மட்டுமே பொருந்தும் ஒருவருக்கு முதல் இரண்டு சுற்றில் விலை கொடுப்பது வீண்.

இனி வீடியோவுக்கு வருவோம். ஒருவருக்குக் குறைந்தது நாலு ஆட்டம் பாருங்கள். நன்றாக ஆடிய ஆட்டங்களை மட்டும் பொறுக்காமல், பருவத்திலேயே மோசமானது ஒன்று, ஓட்டத்தில் வலுவான எதிரணியோடு ஒன்று, வேகமாகப் பந்தெறியும் அணியோடு ஒன்று, ஒப்பிடப்படும் இருவரும் சந்தித்த பொது எதிரணி இருந்தால் அது ஒன்று. ஆட்டத்துக்கு 60 ஸ்னாப் (பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு தடவை) என்றால் 240 ஸ்னாப் கையில் இருக்கும். தொலைக்காட்சிக் கோணம் இதற்கு உதவாது. 22 பேரும் தெரியும் பக்கவாட்டுக் கோணமும், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த கோணமும் வேண்டும். எதிரணியின் உள்பக்கத் தடுப்பாளர்களான கார்டுகளின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பின்கோணத்தில்தான் தெரியும். லைன்பேக்கர் படிக்க வேண்டிய பாடம் அந்த இடுப்பில்தான் இருக்கிறது.

எண்ண வேண்டியது, ஸ்னாப் ஆனதிலிருந்து சரியான திசையில் அவருடைய இரண்டாவது கால் தரையில் படும்வரை எத்தனை ஃபிரேம் என்பதை. முதல் காலை எண்ணாதீர்கள். பலர் முதல் அடியைப் பழக்கதோஷத்தில் வைப்பார்கள். சிலர் பின்னால் ஒரு வீணடி வைத்துவிட்டு முன்னே வருவார்கள். இரண்டாம் அடியில்தான் மூளை தெரியும். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் பதிவில் ஆறு ஃபிரேம் தாமதம் என்றால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பந்தோடு ஓடிவரும் ரன்னிங் பேக் அதற்குள் 1.2 மீட்டர் முன்னேறியிருப்பார். வரிசையிலேயே முடிய வேண்டிய டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது) இரண்டு கஜம் தள்ளி முடிவதற்கு இவ்வளவு போதும். 40 கஜ ஓட்டத்தில் 4.50க்கும் 4.65க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது பெரிது. இது ஒவ்வொரு ஸ்னாப்பிலும் நடக்கிறது. அவர் முழு 40 கஜமும் நேராக ஓடுவதோ ஆட்டத்துக்கு ஒருமுறைகூட இருக்காது.

எல்லா ஓட்டங்களும் இதற்குச் சமமான சோதனை இல்லை. கவுன்டர் ஓட்டங்களைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் ரன்னிங் பேக் முதலில் ஒரு பக்கம் கால் வைத்து ஏமாற்றுவார், கார்டு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவார். பந்து வைத்திருப்பவரைப் பார்க்கிற லைன்பேக்கர் தப்பான பக்கம் போவார், கார்டைப் பார்க்கிறவர் சரியாகப் போவார். பத்து கவுன்டர் பார்த்தாலே ஆள் யாரைப் படிக்கிறார் என்று தெரிந்துவிடும். கெட்டிக்கார எதிரணிகள் ஓட்டம்போல் காட்டிவிட்டு எறியும் பிளே-ஆக்‌ஷன் பாஸிலும் கார்டை இழுத்துக் காட்டும். அங்கே நல்ல வாசிப்பாளர்களும் ஏமாறுவார்கள். ஏமாந்ததற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். எத்தனை அடி முன்னே போனபின் திரும்பினார், திரும்பும்போது கண்ணைக் குவாட்டர்பேக்கிடம் வைத்தாரா, முதுகுக்குப் பின்னால் ஓடும் ரிசீவரைத் தேடினாரா என்று குறியுங்கள்.

இங்கே ஒரு விதி வித்தியாசம் எல்லாக் கணக்கையும் கெடுக்கும். கல்லூரியில் பாஸ் எறியும்போது தாக்குதல் வரிசைக்காரர்கள் 3 கஜம் வரை முன்னே போயிருக்கலாம். என்எஃப்எல்லில் 1 கஜம்தான். ஆர்பிஓ ஆட்டங்களில் குவாட்டர்பேக் கடைசி நொடியில் ஓட்டமா பாஸா என்று முடிவெடுக்கும்போது, கார்டு மூன்று கஜம் தள்ளி லைன்பேக்கர் மார்பிலேயே நிற்பார். அதைப் பார்த்து ஓட்டம் என்று முன்னே வந்தவர் தவறு செய்யவில்லை, விதி அவரைத் தவறவைக்கிறது. ஆர்பிஓ அதிகம் ஆடும் எதிரணிகளோடு மோதிய ஒருவரையும், பழைய பாணி அணிகளோடு மோதிய ஒருவரையும் ஒப்பிடும்போது அந்த ஸ்னாப்களை இருவரிடமிருந்தும் கழித்துவிட்டுப் பாருங்கள். தயங்குகிறார் என்று நீங்கள் எழுதிய பாதிப் பேர் தயங்கியது இதனால்தான்.

அடுத்தது எங்களுக்குப் பெரிதாகப்படும் விஷயம்: அவருக்கு முன்னால் யார் நின்றார்கள்? 2021 ஜார்ஜியா அணியை நினைத்துப் பாருங்கள். டிராவன் வாக்கர் 1ஆவது, ஜோர்டன் டேவிஸ் 13ஆவது, டெவான்டே வயட் 28ஆவது. முன்வரிசையிலிருந்து மட்டும் மூன்று பேர் அடுத்த டிராஃப்ட்டின் முதல் சுற்றில் போனார்கள். அந்த மதிலுக்குப் பின்னால் குவே வாக்கர், நகோபி டீன், சானிங் டிண்டல் என்று மூன்று லைன்பேக்கர்கள். அவர்களைத் தொட வேண்டிய கார்டுகள் டேவிஸைத் தள்ளுவதிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாக்கர் 22, டீன் 83, டிண்டல் 102. கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர் டீன், ஆனால் 6 அடி 4 அங்குலம் உயரமுள்ள வாக்கருக்குத்தான் முதல் சுற்று. டீனுக்கு 6 அடிகூட இல்லை, மார்புத் தசைக் காயமும் இருந்தது. இந்த மூவரைப் பற்றி அந்த வீடியோவில் கிடைக்காத ஒரு விஷயம், தடுப்பவர் மேலே வந்து விழுந்தபின் என்ன செய்வார்கள் என்பது. கிடைக்காத ஒன்றை உடல் அளவிலிருந்து ஊகித்து நிரப்பினார்கள். உயரமானவருக்கு நல்லதாகவும் குள்ளமானவருக்குக் கெட்டதாகவும் அந்த ஊகம் போனது. டீன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் 2024 பருவத்தில், மேலே சொன்ன பானுக்குப் பக்கத்தில் நின்று அந்த ஊகத்துக்குப் பதில் சொன்னார்.

இதற்கு ஒரு எளிய கணக்குண்டு. ஒவ்வொரு ஓட்ட ஸ்னாப்பிலும், இரண்டு விநாடிக்குள் ஒரு தடுப்பாளர் அவரைத் தொட்டாரா இல்லையா என்று குறியுங்கள். பத்தில் ஏழு ஸ்னாப்பில் தொடப்படாமல் ஓடியிருந்தால் அதைச் சீட்டின் மேலே பெரிதாக எழுதுங்கள். மிச்ச மூன்றை மட்டும் எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். கையை நீட்டி நிறுத்தி, பிடித்து, பந்து வரும் பக்கம் உதறி வந்தது ஒன்று. தடுப்பாளருக்கு அடியில் நழுவிப் போனது இரண்டு. அடித்துச் செல்லப்பட்டது மூன்று. நழுவல் பார்க்க அழகாக இருக்கும், ஹைலைட்டில் வரும். ஆனால் நழுவி டேக்கிளைத் தவறவிட்டால் அவர் விட்டுப்போன இடைவெளியில்தான் ரன்னிங் பேக் திரும்பி நுழைவார். ஆகவே நழுவல்களில் எத்தனை டேக்கிளில் முடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிக்கும் கீழே என்றால் அந்தப் பழக்கம் என்எஃப்எல்லில் 30 கஜ ஓட்டங்களாக மாறும்.

களத்தின் கோடுகளும் ஏமாற்றும். பந்தை எந்த எல்லைக்குள் வைத்து ஆட்டம் தொடங்க வேண்டும் என்று காட்டும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். கல்லூரியில் பந்து ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 100 அடி, மறுபக்கம் 60 அடி. என்எஃப்எல்லில் அது ஏறக்குறைய 89க்கு 71. அகலப் பக்கத்தில் நிற்கும் கல்லூரி லைன்பேக்கர் அளவுக்கு மீறி ஓடியாக வேண்டும், குறுகிய பக்கத்தில் நிற்பவருக்குப் பக்கக்கோடே கூட ஒரு துணை ஆள். சில அணிகள் இருவரையும் இடம் வலமாக மாற்றும், சில அணிகள் அகலப் பக்கத்துக்கென்று ஒருவரையே வைக்கும். எந்தப் பக்கத்தில் நின்றார் என்று பிரிக்காமல் பக்கக்கோட்டிலிருந்து பக்கக்கோடுவரை ஓடுகிறார் என்று எழுதுவது வெறும் வாய்ப்பாடு.

டேக்கிள் எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உதவி டேக்கிள்களை யாருக்குக் கொடுப்பது என்று ஆட்டம் நடக்கும் கல்லூரியின் குறிப்பாளர்கள் முடிவு செய்கிறார்கள், சிலர் தாராளம். எட்டு கஜம் போனபின் செய்த டேக்கிளும் ஒன்றுதான், வரிசைக்குப் பின்னால் செய்ததும் ஒன்றுதான். லூக் கீக்லி 2011இல் பாஸ்டன் கல்லூரிக்காக 191 டேக்கிள் செய்தார். அந்த எண் பொய் சொல்லவில்லை. 2012இல் 9ஆவதாகப் போய், முதல் ஆண்டில் சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருதும், அடுத்த ஆண்டில் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆனால் எண் உண்மை சொன்னதா என்று தெரிந்துகொள்ளவே வீடியோ பார்க்கவேண்டியிருக்கிறது என்றால் எண்ணுக்கு என்ன வேலை? முதல் டவுனில் (முதல் முயற்சியில்) 4 கஜத்துக்குள் நிறுத்தியவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். தவறியவற்றை விகிதமாக்குங்கள்: 90 டேக்கிள், 15 தவறல் என்றால் 105க்கு 15, ஏறக்குறைய 14 சதவீதம். 130 டேக்கிள், 30 தவறல் என்றால் 160க்கு 30, 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 130 என்ற எண்ணைப் பார்த்து இரண்டாமவரை மேலே வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பாஸ் தடுப்பில் பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு. மண்டலத் தடுப்பில் நடுப்பகுதிக்குப் பின்வாங்கும்போது 10 முதல் 12 கஜ ஆழத்தை அடைகிறாரா, அங்கே போய்ச் சேரும்போது தலையைத் திருப்பி, குறுக்கே ஓடிவருபவரை எடுக்கிறாரா. குவாட்டர்பேக்கின் கண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டு பின்வாங்குகிறவர் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுப்பார். என்எஃப்எல் குவாட்டர்பேக் அந்தக் கண்ணை வைத்தே அவரைத் தள்ளிவிட்டு, அவர் விட்ட இடத்தில் எறிவார். இரண்டாவது, ஆளுக்கு ஆள் தடுப்பில் ரன்னிங் பேக் பக்கக்கோட்டோரமாக மேலே ஓடும் வீல் ரூட். அதை ஒரு பருவத்தில் ஐந்து முறைதான் பார்க்கக் கிடைக்கும். ஐந்தையும் பாருங்கள்.

இப்போது இண்டியானாபொலிஸ். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் என்று கிண்டல் செய்ய நாங்கள் வரவில்லை. பல்லையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 2018ஐக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ரோக்வான் ஸ்மித் 4.51 விநாடி, 8ஆவது. ட்ரமெய்ன் எட்மண்ட்ஸ் 6 அடி 5 அங்குலம், 253 பவுண்டு, 4.54, வயது 19, 16ஆவது. லெய்ட்டன் வாண்டர் எஷ் 4.65, 19ஆவது. அலபாமாவின் ரஷான் எவன்ஸ் 22ஆவது. டேரியஸ் லெனர்ட் சிறு கல்லூரியான சவுத் கேரோலைனா ஸ்டேட்டிலிருந்து வந்து 4.70 ஓடி, 36ஆவது. ஃபிரெட் வார்னர் 4.64, மூன்றாம் சுற்றில் 70ஆவது. லெனர்ட் முதல் பருவத்திலேயே 163 டேக்கிளோடு லீகில் முதலிடம் பிடித்து மூன்று முறை முதல்நிலை ஆல்-புரோ ஆனார். வார்னர் பிரிகம் யங்கில் வெளிப்புறத்தில், வெட்டவெளியில் நின்று ஆடியவர். சான் ஃபிரான்சிஸ்கோ அவரை நடுவில் நிறுத்தியபோது, பாஸ் தடுப்பில் அவர் செய்யப்போகும் வேலை அந்தக் கல்லூரி வீடியோவில் ஏற்கெனவே இருந்தது. ஸ்மித்தையும் எட்மண்ட்ஸையும் எடுத்தது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, இருவரும் நன்றாகவே ஆடினார்கள். ஆறு பேரில் உச்சத்தைத் தொட்டவர்களில் இருவர் ஏன் 36இலும் 70இலும் நின்றார்கள் என்பதே கேள்வி. சிறு கல்லூரி, மெதுவான ஓட்டம், உள் லைன்பேக்கர் என்ற முத்திரை இல்லாமை என்று காரணங்கள் எல்லாம் சீட்டில் இருந்தவை. வேலை வீடியோவில் இருந்தது.

2012இன் பாபி வாக்னர் இன்னும் வேடிக்கை. நிமோனியாவால் இண்டியானாபொலிஸுக்கே போகவில்லை. அட்டவணையில் அவர் வரி காலி. 47ஆவதாகப் போனார். உருவம் சிறிது என்று ஒதுக்கப்பட்ட லவான்டே டேவிட் 58இல், டெமாரியோ டேவிஸ் 77இல். அதே ஆண்டு 5.09 ஓடிய வான்டேஸ் பர்ஃபிக்ட்டை ஏழு சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை. 2013இல் லீகிலேயே அதிக டேக்கிள் அவருடையதுதான். கல்லூரியில் வாங்கிய அபராதங்களும் அவரைக் கடைசிவரை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். வீடியோ அதையும் காட்டியிருந்தது.

நேர அளவை ஒப்பிடுவதிலும் ஒரு அசட்டுத்தனம் நடக்கிறது. இண்டியானாபொலிஸில் ஓட்ட முடிவை மின்கருவி எடுக்கிறது. கல்லூரிகளின் சொந்த சோதனை நாளில் ஸ்கவுட்கள் கையில் பிடித்த கடிகாரம், பழகிய தரை. அங்கே வந்த 4.45ஐயும் இங்கே வந்த 4.55ஐயும் ஒரே நெடுவரிசையில் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் 10 கஜ நேரத்தையும், 5-10-5 ஷட்டிலையும், மூன்று கூம்பு ஓட்டத்தையும் முன்னே வைத்து 40ஐப் பின்னே தள்ளுங்கள். திரும்புவதும் நிற்பதும்தான் இந்த வேலை.

மருத்துவ மதிப்பீட்டை மொத்த மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். வாண்டர் எஷ்ஷின் கழுத்து பற்றிய கேள்வி டிராஃப்ட்டுக்கு முன்பே இருந்தது. 2024இல் அந்தக் கழுத்தால்தான் ஆட்டத்தை விட்டார். பேட்டன் வில்சன் 2023இல் பட்கஸ் விருது வாங்கி, 4.43 ஓடி, முழங்கால் வரலாற்றால் 98ஆவதுக்கு இறங்கினார். 'ஆட்டம் 7.1, உடல் சிவப்பு' என்று எழுதினால் வாங்குகிறவருக்குத் தான் எதை வாங்குகிறார் என்று தெரியும். இரண்டையும் கலந்து 6.3 என்று எழுதினால் நல்ல உடம்போடு சுமாராக ஆடும் ஒருவரும் அதே 6.3இல் நிற்பார். வயதுக்கும் இதே தனி நெடுவரிசை வேண்டும். கொரோனாவால் 2020 பருவத்துக்குக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த கூடுதல் ஆண்டால் 24 வயதில் வந்தவர்களும், எட்மண்ட்ஸ்போல் 19இல் வந்தவர்களும் ஒரே பலகையில் தொங்கியிருக்கிறார்கள்.

நேர்காணலில் வெள்ளைப் பலகையில் ஆட்டம் வரையச் சொல்வது நல்லதுதான். அவர் தன் கல்லூரி அணியின் தடுப்பை வரைந்தால் போதாது. உங்கள் அணியின் ஒரு தடுப்பைப் பத்து நிமிடம் கற்றுக்கொடுத்து, வேறு பேச்சுப் பேசிவிட்டு, அரைமணி கழித்து அதை வரையச் சொல்லுங்கள். தலைக்கவசத்துக்குள் கேட்கும் பயிற்சியாளர் குரல், ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது நின்றுவிடும். அதற்கப்புறம் பத்துப் பேரை அடுக்க வேண்டியவர் அவர்.

கடைசியாக ஒன்று. டிராஃப்ட் முடிந்த மறுநாள் இந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள். எழுதிய வேலை வரி, ஃபிரேம் எண்ணிக்கை, தொடப்படாத ஸ்னாப் விகிதம் எல்லாவற்றையும் தேதியோடு உறையில் போட்டு வையுங்கள். நீங்கள் எடுக்காமல் விட்டவர்களின் சீட்டுகளையும் சேர்த்தே வையுங்கள். மூன்று பருவம் கழித்து, ஐந்தாம் ஆண்டு உரிமையைத் தீர்மானிக்கும் மே மாதத் தொடக்கத்தில், சம்பள எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த உறையைப் பிரியுங்கள்.

இப்படிக்கு,
லைன்பேக்கர் ஆட்டத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் சிலர்